இல்லத்தில் சேர்க்காமல் தம்பியை எங்கள் தெருவிலேயே வாழவைக்க முடியுமா?

கும்பகோணம்_அக்கா (பிப்ரவரி 11, இரவு 10.40)

அம்மா இறந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே பெரியப்பா கேட்டுவிட்டார்: "இவனை எந்த இல்லத்தில் சேர்க்கப் போகிறாய்?" இவன் என்றால் என் தம்பி. 38 வயது, அறிவுசார் குறைபாடு, மாற்றுத்திறனாளி அட்டையில் 60 சதவீதம். பெரியப்பா கேட்ட நேரத்தில் தம்பி அதே பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

நான் கோயம்புத்தூரில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன். தம்பியை அழைத்துவர என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. போன வருடம் பத்து நாள் அழைத்து வந்தோம். நான்காம் நாளிலிருந்து செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஊர் வேண்டும்.

அவனுடைய நாள் இப்படிப் போகும். காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து வாசல் தெளிப்பான். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு பத்து வருடமாக அது அவன் வேலை. கோலம் போடத் தெரியாது; நடுவில் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு உள்ளே வருவான். ஆறரைக்குப் பால் பூத்தில் பச்சைப் பாக்கெட் ஒன்று. ஏழு மணிக்கு முனைக் கடையில் டீ. பத்திலிருந்து ஒரு மணி வரை மளிகைக் கடையில் பருப்புப் பொட்டலம் கட்டுவான். வாரம் 300 ரூபாய். வெள்ளிக்கிழமை கும்பேஸ்வரர் கோயில் யானையைப் பார்க்கப் போவான். துணி துவைத்து, ஓரம் சேர்த்து இழுத்துக் கொடியில் போடுவதில் எங்கள் தெருவில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

முடியாதவையும் உண்டு. பாக்கிச் சில்லறை எண்ணத் தெரியாது. காஸ் அடுப்பை அம்மா தொடவிட்டதில்லை. யார் கேட்டாலும் பணம் கொடுத்துவிடுவான். வலித்தால் சொல்ல மாட்டான். ஒரு தடவை பல் வீங்கி மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தான். அம்மாதான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

போன வாரம் ஓர் இல்லத்துக்கு அழைத்துப் போனேன். சுத்தமான இடம், அன்பாகவே பேசினார்கள். ஒரே கூடத்தில் நாற்பது கட்டில், சுவரோரம் நாற்பது தட்டு, ஒவ்வொன்றிலும் எண். தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "பால் வாங்க நான் வெளியே போகலாமா?" பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே, "இங்கே பால் தானாக வந்துவிடும் தம்பி" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா இருந்த வீட்டிலேயே, அதே தெருவிலேயே அவன் வாழ வழி உண்டா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறேன். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

வைகைத்தாய் (பிப்ரவரி 12, காலை 6.15)

மகளே, அம்மாவை இழந்த துக்கத்தோடு இதையும் சுமக்கிறாய். படித்துவிட்டு விடியும்வரை தூக்கம் வரவில்லை.

எனக்கு 61 வயது. மகனுக்கு 29, ஆட்டிசம், பேச்சு கிடையாது. கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. உன் அம்மாவின் இடத்தில் இன்று நான் நிற்கிறேன். அதனால் ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. இல்லம் என்றாலே பாவம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் ஓர் இல்லத்தில் மகன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு அவனுக்கு மூன்று வேளைச் சோறும் ஒரு பூட்டும் கிடைக்கும் என்ற நினைப்பில்தான் நான் கண்ணை மூடுகிறேன். ஆமாம், பூட்டுத்தான். அவன் எட்டு வயதில் தண்டவாளம் வரை போய்விட்டவன்.

உன் தம்பி பால் வாங்குவான், டீ குடிப்பான், சரி. இரவு இரண்டு மணிக்கு யாராவது கதவைத் தட்டினால்? கழிவறையில் வழுக்கி விழுந்தால்? தெருவில் இருக்கிற நல்லவர்களை எனக்கும் தெரியும். அவர்களுக்கும் வயதாகிறது, வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விடுகிறார்கள். ஆசையை மட்டும் நம்பி இறங்காதே.

பாலாறு_சக்கரம் (பிப்ரவரி 12, பகல் 1.05)

சகோதரி, உங்கள் தம்பியின் குறைபாடு வேறு, என்னுடையது வேறு. ஆனாலும் "இவனை எங்கே வைப்பது" என்ற பேச்சு என் தலைக்கு மேலேயும் நடந்தது. 2009-இல் கட்டட வேலையில் விழுந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எலெக்ட்ரீஷியன் வேலை போயிற்று. ஆறு மாதம் அண்ணன் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தேன். முதுகில் படுக்கைப்புண், உள்ளங்கை அகலம்.

பிறகு வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வுப் பயிற்சி. அந்த நிலையம் 1966-இல் உருவாகக் காரணமானவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் அவருக்கும் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். அங்கே எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது தத்துவம் எதுவும் இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கு, புண் வராது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறு. சிறுநீர்க் குழாயை நீயே போடு. மூன்றாம் வாரம் நானே குளித்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளேயே இருந்தேன்.

அதன் பிறகு வாடகை வீடு. பதினேழு வீடு பார்த்தேன். படி ஒரு அடி உயரம் என்றால் சரிவுப் பாதை பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். தெருவுக்குள் நீட்டக்கூடாது என்பார்கள். அறைக்கதவு அகலமாக இருக்கும். குளியலறைக் கதவு மட்டும் இரண்டடிதான், நாற்காலி நுழையாது. பதினெட்டாவது வீட்டுக்காரப் பாட்டி, "கதவைத் தானே இடிக்கணும், இடிச்சுக்கோ" என்றார். பதினொரு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். செல்போன் பழுது பார்க்கிறேன். காலையில் ஒன்றரை மணி நேரம் ஓர் ஆள் வருகிறார், மாதம் 6,000 கொடுக்கிறேன். என்ன சமைக்க வேண்டும், எப்போது வர வேண்டும், எப்போது வரக்கூடாது என்பதெல்லாம் என் பேச்சு.

எல்லா வேலையையும் தானே செய்துகொள்பவன்தான் தனித்து வாழத் தகுதியானவன் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் சமையல் தெரியாத ஆண்கள் எல்லோரையும் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும். உதவி வாங்கலாம். அந்த உதவி எந்த நேரத்தில், யார் கையால், எவ்வளவு என்பதை வாங்குகிறவர் முடிவு செய்ய வேண்டும். உங்கள் தம்பி பால் பற்றிக் கேட்டதும் அதைத்தான்.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்றொருவர். பதினான்கு வயதில் போலியோ, கழுத்துக்குக் கீழே அசைவு அநேகமாக இல்லை, இரவில் இரும்பு நுரையீரல் என்ற மூச்சு இயந்திரத்துக்குள் தூங்க வேண்டும். இவர் வேலை பார்க்கவே முடியாது என்று மறுவாழ்வுத் துறை எழுதிவைத்தது. 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விடுதியில் அந்த இயந்திரத்தை வைக்க இடமில்லாததால் வளாக மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். 1972-இல் அவரும் நண்பர்களும் ஆரம்பித்ததுதான் சுதந்திர வாழ்வு மையம். உதவியாளர் பட்டியல், வீட்டுத் தகவல், சக்கர நாற்காலிப் பழுது எல்லாவற்றையும் குறைபாடு உள்ளவர்களே நடத்தினார்கள். 1975-இல் கலிஃபோர்னியாவின் அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரையே இயக்குநராக்கினார்கள். உங்கள் பெரியப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நடைமுறை_நண்பன் (பிப்ரவரி 12, மாலை 4.30)

பாலாறு ஐயா, உங்கள் மன உறுதிக்கு வணக்கம். ஆனால் உங்களுக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது. சில்லறை எண்ணத் தெரியாதவரை அதோடு ஒப்பிடுவது சரியா? நாளைக்கே யாராவது ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் வீடு போய்விடும். வைகைத்தாய் அம்மா சொன்னதுதான் என் பயமும்.

சிறப்பாசிரியை_தஞ்சை (பிப்ரவரி 12, இரவு 9.20)

26 வருடம் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு வேலை பார்த்தவள். நடைமுறை நண்பருக்கு முதலில் பதில். சில்லறை எண்ணத் தெரியாததும் முடிவெடுக்கத் தெரியாததும் ஒன்றல்ல. இந்தப் பையனுக்கு எங்கே வாழ வேண்டும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாளில் சொல்லிவிட்டான்.

அம்மா, உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, வீணாக்காதீர்கள். முதல் வாரம் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கூடவே இருந்து பாருங்கள். உங்கள் அம்மா என்னென்ன செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சொல்லாமல் செய்தவைதான் அதிகம் இருக்கும்: தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மாத்திரைத் தேதி பார்ப்பது, மழை வந்தால் மாடிக் கதவைச் சாத்துவது. அந்த நோட்டுத்தான் உங்கள் பாடத்திட்டம்.

காஸ் வேண்டாம். இண்டக்ஷன் அடுப்பு வாங்குங்கள்; நேரம் வைத்தால் தானாக அணைந்துவிடும். அதில் மூன்று பொத்தானை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கறுப்பு டேப்பால் மூடுங்கள். ஒரே ஒரு சமையல் போதும் இப்போதைக்கு: சோறு வடிக்க வேண்டாம், குக்கரில் அரிசியும் பருப்பும். நான்கு படம் எடுத்து அடுப்புக்கு மேல் ஒட்டுங்கள். அவன் கை வேலை செய்வதைப் படம் எடுங்கள், உங்கள் கையை வேண்டாம். இது சின்ன விஷயமாகத் தெரியும். என் அனுபவத்தில் தன் கையைப் படத்தில் பார்க்கிறவர்கள் பாதி நாளில் பிடித்துக்கொள்கிறார்கள்.

பணம்: எண்ண வேண்டாம், நிறம் போதும். ஊதா நூறு, நீலம் ஐம்பது, காப்பி நிறம் பத்து. டீக்கு ஒரு பை, பாலுக்கு ஒரு பை, காலையிலேயே சரியான தொகையைப் போட்டு வைத்துவிடுங்கள். சட்டைப்பையில் நூறுக்கு மேல் வேண்டாம். யாராவது கேட்டால், "அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை நூறு தடவை நாடகம் போல நடித்துப் பழக்குங்கள். தெரியாதவர் ஒருவரை அனுப்பிக் கேட்கச் சொல்லியும் பாருங்கள். முதல் தடவை தோற்பான், பரவாயில்லை.

வலி: ஓர் அட்டையில் உடம்புப் படம் வரைந்து, படுக்கப் போகும்முன் தினமும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வலியில்லாத நாளிலும் கேட்க வேண்டும், அப்போதுதான் பழகும்.

வைகைத்தாய் அம்மா, உங்கள் மகன் எட்டு வயதில் தண்டவாளம் வரை போனான் என்றீர்கள். இருபத்தொரு வருடம் ஆகிவிட்டது. அதன் பிறகு அவன் தனியாக எங்கே போயிருக்கிறான்?

வைகைத்தாய் (பிப்ரவரி 12, இரவு 11.50)

எங்கேயும் போனதில்லை, டீச்சரம்மா. நான் விட்டதில்லை.

வழக்குரைஞர்_காவிரி (பிப்ரவரி 13, காலை 8.00)

நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும், இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படியுங்கள். சமூகத்தில் வாழும் உரிமை அவர்களுக்கு உண்டு. இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்படாமல் இருப்பதற்கும், வீட்டிலேயே கிடைக்கும் ஆதரவுச் சேவைகளுக்கும் தனி உதவியாளருக்கும் அரசு முயல வேண்டும் என்று அது சொல்கிறது. 2007-இல் இந்தியா ஏற்று உறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. "முயல வேண்டும்" என்ற அந்த ஒரு சொல்லால்தான் தனி உதவியாளர் இன்னும் காகிதத்தில் இருக்கிறார். அது என் நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் தந்தை அரசு ஊழியரா? அப்படியானால் அம்மா வாங்கிய குடும்ப ஓய்வூதியம், தானாகச் சம்பாதித்து வாழ முடியாத குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் தொடரலாம். மருத்துவச் சான்றிதழோடு உடனே விண்ணப்பியுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை. அரசுப் பணி இல்லாத குடும்பம் என்றால், அறிவுசார் குறைபாட்டுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 இருக்கிறது.

பாதுகாவலர் நியமனம் பற்றி ஒரு எச்சரிக்கை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் இருக்கும் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் போக வேண்டாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். பாதுகாவலர் ஆனால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். ஆனால் எதற்குத் தேவையோ அதற்கு மட்டும் கேளுங்கள். 2016 சட்டம் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்று ஒன்றைச் சொல்கிறது: அவரோடு சேர்ந்து, அவருடைய விருப்பப்படி, குறிப்பிட்ட காரியத்துக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு முடிவெடுப்பவர். எல்லாவற்றுக்கும் நீங்களே என்று எழுதி வாங்கிவிட்டால் நாளைக்கு உங்கள் இடத்தில் வேறொருவர் வந்து அதே தாளை வைத்து இல்லத்தில் சேர்ப்பார்.

வீடு அம்மா பெயரில் இருந்து, உயில் இல்லையென்றால் தம்பிக்கும் உங்களுக்கும் சம பங்கு. "பாதுகாப்புக்காக உன் பெயருக்கே எழுதிக்கொள்" என்று உறவினர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தத் தெருவில் அவன் நிற்கும் தரை அவனுடையதாக இருக்கட்டும்.

கும்பகோணம்_அக்கா (பிப்ரவரி 13, இரவு 10.10)

எல்லோருக்கும் கை கூப்புகிறேன். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். ஓய்வூதியம் தம்பிக்குத் தொடரும் என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாளை கருவூலம் போகிறேன்.

இன்று ஒரு வங்கிக்குப் போனோம். தம்பி பெயரில் கணக்கு வேண்டும் என்றேன். அதிகாரி என்னிடமே பேசினார். "இவர் கையெழுத்துப் போடுவாரா?" தம்பி அவருக்கு முன்னால் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினான். நான்கு எழுத்து, கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. "பாதுகாவலர் சான்றிதழ் கொண்டுவாருங்கள்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறான்.

சேதுக்கரை (பிப்ரவரி 14, காலை 7.35)

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்திருந்த கொட்டகை எரிந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள், ஓட முடியவில்லை. அவர்களில் பலரைக் குடும்பம் வெறுத்துக் கொண்டுவந்து விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று நம்பித்தான் விட்டார்கள். வைகைத்தாய் அம்மா, நீங்கள் பூட்டு என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பூட்டு உள்ளே இருப்பவரையும் தீயையும் சேர்த்தே பூட்டுகிறது.

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. என் சித்தப்பாவுக்கு மனச்சிதைவு. மாதம் ஒரு ஊசி, அரசு மருத்துவமனையில். மீன் வலை பின்னுகிறார், எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார். சில மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

வடமராட்சி_வடதுருவம் (பிப்ரவரி 14, இரவு 11.45)

அக்கா, நான் பருத்தித்துறையில் பிறந்து இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறேன். இங்கே என் தொழிலே தனி உதவியாளர். ஒன்பது வருடமாகத் தசைநோய் உள்ள ஒருவரிடம் வேலை. அவர் என் முதலாளி. நேர்முகத் தேர்வு வைத்து என்னை எடுத்தவர் அவர்தான்.

முதல் நாள் அவருடைய காப்பியில் கேட்காமலே சீனி போட்டுக் கலக்கிவிட்டேன். ஊரில் அப்படித்தானே பழக்கம். அவர் கோப்பையைப் பார்த்துவிட்டு, "என்னிடம் வேலைக்கு வந்தாயா, என்னை வளர்க்க வந்தாயா?" என்றார். ஊற்றிவிட்டு மறுபடி போட்டேன். அன்றைக்குப் படித்ததுதான் இந்தத் தொழில்.

இது எங்கிருந்து வந்தது என்றால், அடோல்ஃப் ராட்ஸ்கா என்றொருவர், போலியோவால் பாதிக்கப்பட்டவர். கலிஃபோர்னியாவில் படித்தபோது உதவியாளரைத் தானே அமர்த்தி வாழ்ந்து பார்த்துவிட்டு ஸ்வீடன் வந்தார். 1980-களில் ஸ்டாக்ஹோமில் குறைபாடு உள்ளவர்களே நடத்தும் கூட்டுறவு ஒன்றை ஆரம்பித்தார்கள். 1994-இல் சட்டமே வந்தது. குளிப்பு, சாப்பாடு, உடை போன்ற அடிப்படைத் தேவைக்கு வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் உதவி வேண்டியிருந்தால் அரசு காசு கொடுக்கும். அதற்குக் குறைவென்றால் நகராட்சி. பெரிய இல்லங்களை 1999 முடிவுக்குள் மூட வேண்டும் என்றும் சட்டம் போட்டு மூடினார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஐந்தாறு பேராகச் சாதாரண அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு சமையலறையோடு இருக்கிறார்கள்.

சொர்க்கம் என்று எழுத மாட்டேன். மணிக்கணக்கைக் குறைத்துவிட்டார்கள் என்று வழக்குகள் நடந்தபடியே இருக்கின்றன. நிறையப் பேர் தனிமையாகவும் இருக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு இருக்கிற டீக்கடையும் மளிகைக்கடையும் என் முதலாளிக்கு இல்லை. உங்களிடம் இல்லாதது சம்பளம் வாங்கும் ஓர் உதவியாள். அதைக் கட்டாயம் ஏற்பாடு செய்யுங்கள். தெருக்காரரின் அன்பை மட்டும் நம்பினால் ஒரு வருடத்தில் அவர்களும் களைத்துவிடுவார்கள்.

சமூகப்பணி_சென்னை (பிப்ரவரி 16, பிற்பகல் 3.00)

வடமராட்சித் தம்பி சொன்னதோடு ஒன்று. சென்னையில் 1993 முதல் இயங்கும் தி பேனியன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2015-இல் 'ஹோம் அகெய்ன்' (மீண்டும் வீடு) என்ற ஒரு முயற்சியைத் தொடங்கியது: பல வருடம் மனநல நிலையத்தில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழ்கிறார்கள், உதவிக்கு ஓர் ஆள் உண்டு. யாரோடு சேர்ந்து வாழ்வது என்பதையும் அவர்களே தேர்கிறார்கள். நீண்டகாலம் உள்ளே இருந்தவர்களாலேயே இது முடிகிறது.

அதனால் கேட்கிறேன்: உங்கள் அம்மா வீட்டில் இன்னோர் ஆளுக்கு இடம் இருக்கும் அல்லவா? தம்பிக்குப் பிடித்த இன்னொருவர் வந்து சேர்ந்தால் உதவியாளர் சம்பளம் பாதியாகும். அவசரப்பட வேண்டாம். வந்து தங்கிப் பார்க்கட்டும்.

வைகைத்தாய் (பிப்ரவரி 16, இரவு 9.00)

மகளே, உன் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பு. உன் தம்பியை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கும்பகோணம்_அக்கா (ஜூலை 6, காலை 9.30)

ஐந்து மாதமாக எழுதாமல் இருந்துவிட்டேன். கேட்டுத் தனிச்செய்தி அனுப்பிய எல்லோருக்கும் இங்கேயே சொல்கிறேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் நான் கோயம்புத்தூர் திரும்பினேன். தம்பி எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். குடும்ப ஓய்வூதியம் கையெழுத்தாகிவிட்டது, பணம் வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். வேறொரு வங்கியில் கணக்கு திறந்தாயிற்று. தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை அவனுக்கும் உண்டு என்று சொல்லும் 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவை, வழக்குரைஞர் ஐயா தனிச்செய்தியில் சொன்னபடி அச்செடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். மேலாளர் படித்துவிட்டுத் தம்பியைப் பார்த்து, "உட்காருங்கள் சார்" என்றார்.

நோட்டில் 64 வேலை எழுதினேன். அம்மா இவ்வளவு செய்திருக்கிறார் என்பது அந்த நோட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதில் 41 இப்போது அவன் கையில் இருக்கிறது. குக்கர் சாதம் வைக்கிறான். உப்பு மட்டும் ஒரு நாள் இரண்டு தடவை, ஒரு நாள் இல்லை. ஆசிரியை அம்மா யோசனைப்படி உப்பை ஒரு வேளைப் பொட்டலமாகக் கட்டிவைக்கச் சொன்னேன். பொட்டலம் கட்டுவது அவன் தொழிலாயிற்றே, முப்பதைக் கட்டி வரிசையாக அடுக்கிவிட்டான்.

தவறியவை: மே மாதம் ஓர் ஆள் மருந்துச் செலவு என்று கேட்டு 500 ரூபாய் வாங்கிப் போய்விட்டான். அந்த 500 எப்படி அவன் பையில் வந்தது என்றால், நான்தான் வைத்தேன், அவசரத்தில். ஜூன் 9 இரவு குளியலறையில் வழுக்கி விழுந்தான். போனில் என் படத்தை அழுத்தத் தெரியும், அழுத்தவில்லை. காலையில் அவன் டீக்கு வராததைப் பார்த்து டீக்கடைக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மணிக்கட்டில் விரிசல், மூன்று வாரம் கட்டு. அன்றைக்குப் பெரியப்பா போன் செய்தார். நான் பதில் சொல்ல முடியாமல் அழுதேன். ஆனால் கட்டுப் போட்ட அன்று இரவு படுக்கும்முன் அந்த உடம்பு அட்டையைத் தானே எடுத்து வந்து மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான் என்று உதவிக்கு வரும் அம்மாள் சொன்னார். 38 வருடத்தில் முதல் தடவையாக வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டுவிட்டோம். எந்த உயரத்தில் என்று பாலாறு ஐயா வீடியோவில் பார்த்துச் சொன்னார்.

வைகைத்தாய் அம்மாவைக் கேட்டுவிட்டே இதை எழுதுகிறேன். அவரும் மகனும் இரண்டு தடவை வந்து தங்கினார்கள், முதலில் மூன்று நாள், பிறகு எட்டு நாள். இரண்டாம் தடவை ஐந்தாம் நாள் காலை தம்பி வாசல் தெளிக்கும்போது அந்தப் பிள்ளையும் கூடவே வெளியே வந்துவிட்டான். அம்மா பின்னால் ஓடப் போனார். பிறகு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டு பேரும் பால் பூத் வரை போய்த் திரும்பி வந்தார்கள், பதினான்கு நிமிடம். பாக்கெட் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது. ஆடி கழிந்து ஒரு மாதம் வந்திருக்கிறேன் என்கிறார் அம்மா. இல்லத்தில் பதிந்த பெயரை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

இப்போது ஓர் உதவி வேண்டும். காலையில் வந்துகொண்டிருந்த அம்மாள் மகள் பிரசவத்துக்காக இந்த மாதம் 20-ஆம் தேதியோடு நிற்கிறார். கும்பகோணம் மகாமகக் குளம் பக்கத்தில், காலை ஏழிலிருந்து ஒன்பது வரை, ஞாயிறு விடுமுறை, மாதம் 5,500. சமைத்துப் போட வேண்டாம், அவன் சமைக்கும்போது பக்கத்தில் நின்றால் போதும். ஆணோ பெண்ணோ, யாராவது தெரிந்தால் எழுதுங்கள். வருகிறவரைத் தம்பி பார்த்துப் பேசிவிட்டுத்தான் வைத்துக்கொள்வோம்.